பாலும் வேண்டாம் என்னும் பிள்ளை

எமது தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா மலர்களில் மொழியைப் பற்றியும் இலக்கணத்தைப் பற்றியும் எழுதுவதே எமக்கு வழக்கம். இம்முறை உணவைப் பற்றி எழுத முற்பட்டுள்ளோம். அதற்குக் காரணம் உண்டு. கடந்த பொங்கல் விழாவின்போது எமது பள்ளி மாணவர் மூவர், "இதில் பாலும் நெய்யும் சேர்ந்திருக்கிறதா?" என வினவிவிட்டுப் பொங்கலை உண்ணாது ஒதுங்கி நின்றனர். விடியற்காலையில் எழுந்து பொங்கிய தாய்மாருள் ஒருவர் மனம் நொந்தார். மற்றொருவர், "இதெல்லாம் வெள்ளைக்காரப் பழக்கம்" என்றார். ஒதுங்கி நின்ற மூவருள் ஒருத்தி எமது மூத்த மகள். ஆதலின் ஆசிரியர் என்ற முறையிலும் தந்தை என்ற முறையிலும் இதற்கு விளக்கம் கூறும் கடமை எமக்கு உண்டு.

வீகன் என்பது யாது?

நாம் வழக்கமாகச் சைவ உணவு என்று கூறுவது மீன், இறைச்சி, முட்டை ஆகியவற்றை நீக்கி, பால், தயிர், மோர், நெய் ஆகியவற்றை ஏற்றுக்கொள்வதாகும். வீகன் முறையோ விலங்குகளிடமிருந்து பெறப்படும் எதனையும் உண்ணாமல் விடுவது. பாலும் நெய்யும் தேனும்கூட அதில் இல்லை. தோற் செருப்பு, கம்பளி, பட்டு என்பவற்றையும் இந்நெறியினர் தவிர்ப்பர். பட்டு நூலைப் பெறுவதற்குக் கூட்டினுள் உறங்கும் புழுவோடு சேர்த்து அக்கூட்டை வெந்நீரில் இடுவது வழமை என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம். தமிழில் இந்நெறியை நனிசைவம் என வழங்குவோர் உளர். நனி என்பது மிகுதியைக் குறிக்கும் உரிச்சொல். எமது ஊரில் சைவம் என்னும் சொல் சமயத்தையும் உணவையும் ஒருங்கே சுட்டும். நனிசைவமோ எந்தவொரு சமயத்துக்கும் உரியதன்று.

இச்சொல் பிறந்த நாடு நாம் இன்று வாழும் இந்தப் பிரித்தானியாவே. 1944ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இரண்டாம் உலகப் போர் ஓயாத காலத்தில், டொனால்ட் வாட்சன் என்பவரும் அவர்தம் நண்பர் சிலரும் கூடி வீகன் சங்கத்தை நிறுவினர். வெஜிட்டேரியன் என்னும் ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளையும் இறுதி இரண்டு எழுத்துகளையும் இணைத்து வீகன் என்ற சொல்லை ஆக்கினர். வாட்சன் செல்வந்தரோ பேரறிஞரோ அல்லர். யோர்க்சயரிற் பிறந்த மரவேலை ஆசிரியர். போரிற் படைக்கலம் ஏந்த மறுத்தவர். 2005ஆம் ஆண்டில் தமது 95ஆவது வயதிற் காலமானார். அச்சங்கத்தின் 50ஆவது ஆண்டு நிறைவையொட்டி 1994 முதல் நவம்பர் 1ஆம் நாள் உலக வீகன் தினமாகக் கொள்ளப்படுகிறது.

எனினும் சொல் புதியதே அன்றிக் கருத்துப் புதியதன்று. சிரியா நாட்டில் 973ஆம் ஆண்டு பிறந்து, இளமையிலேயே கண்ணொளி இழந்த அல்மஆர்ரி என்னும் அரபுக் கவிஞர் இறைச்சியோடு பால், முட்டை, தேன் ஆகியவற்றையும் துறந்து வாழ்ந்தார். ஆகவே இதனை வெள்ளைக்காரப் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது.

எமது வீட்டு மேசையில்

இனி எமது வீட்டுக் கதையைக் கூறவேண்டும். 2009ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் நாம் வன்னியில் இருந்தோம். பாடசாலை இல்லை, வகுப்பறை இல்லை, இடம்பெயர்ந்த வண்ணம் இருந்தோம். மகளுக்கு அப்போது எட்டு மாதம். ஒரு பைக்கற்றுப் பால்மாவுக்காக நாம் நின்ற வரிசைகளை விரித்துரைக்க விரும்பவில்லை. அவ்வரிசைகளில் எம்மோடு நின்ற எல்லோரும் வீடு திரும்பவில்லை என்பதை மட்டும் கூறுவோம்.

அந்தக் குழந்தை 14 வயதுச் சிறுமியாகி, 2022ஆம் ஆண்டில் ஒருநாள் பால் நிறைந்த குவளையை மேசையில் தள்ளிவைத்து, "இனி எனக்குப் பால் வேண்டாம்" என்றாள். எமக்குச் சினம் பொங்கியது. அவளுக்கு அதுவரை கூறாத அந்த வரிசைகளின் கதையைக் கடுஞ்சொற்களால் கூறினோம். அவள் அழுதாள். பின்னர், "அப்பா, நீங்கள் எனக்காக வரிசையில நிண்டது எனக்கு இப்பதான் தெரியும். ஆனால் அந்தக் கன்றுக்காக ஆர் நிண்டது?" என்று கேட்டாள். இருபது ஆண்டுகளாக வினாக்களுக்கு விடை கூறிய எமக்கு அன்று விடை இல்லை. அவளோடு வாதிடுவதை விடுத்து, அவள் கூறியது மெய்யோ பொய்யோ என ஆராயத் தலைப்பட்டோம்.

பால் வரும் வழி

பசு ஒன்று கன்று ஈன்றாலன்றிப் பால் சுரவாது. இதை ஊரில் வளர்ந்த பெற்றோர் அறிவர். கடையிற் பெட்டியிற் பாலைக் காணும் பிள்ளைகள் அறியார். பசு ஏறத்தாழ ஒன்பது மாதம் கன்றைச் சுமக்கிறது. பெரும் பண்ணைகளிற் பால் குன்றாதிருக்கும்பொருட்டு அது மீண்டும் மீண்டும் சினைப்படுத்தப்படுகிறது. ஈன்ற கன்றைச் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தாயிடமிருந்து பிரித்துவிடுவது பொதுவழக்கம். காளைக் கன்று பால் தராது. ஆதலின் அது இறைச்சிக்காக வளர்க்கப்படுகிறது, அல்லது இளமையிலேயே கொல்லப்படுகிறது. 20 ஆண்டுகள் வரை வாழக்கூடிய பசு, பால் குறைந்ததும் சில ஈற்றுகளோடு இறைச்சிக் கூடத்துக்கு அனுப்பப்படுகிறது. முட்டையின் கதையும் இத்தகையதே. முட்டையிடும் இனத்துச் சேவற் குஞ்சுகள் பொரித்த உடனேயே அழிக்கப்படுவது பல நாடுகளில் வழக்கம். ஜேர்மனி 2022ஆம் ஆண்டு முதல் இதனைச் சட்டத்தால் தடைசெய்துள்ளது.

சுற்றுச்சூழல் பற்றிய கவலையும் உண்டு. மனிதர் செயலால் வெளிப்படும் வெப்ப வாயுக்களுள் கால்நடை வளர்ப்பின் பங்கு நூற்றுக்கு 14.5 என ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 2013ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. அதன் 2023ஆம் ஆண்டு மதிப்பீடு ஏறத்தாழ 12 எனக் கூறுகிறது. இரண்டில் எதைக் கொண்டாலும் இது சிறு பங்கன்று.

எமது இலக்கியம் கூறுவது

பல்லாண்டுகளாக மாணவர்க்கு மணிமேகலையைக் கற்பித்து வந்தோம். பெற்றவளாற் கைவிடப்பட்ட குழந்தையைப் பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டிக் காத்த கதையையும், அக்குழந்தை ஆபுத்திரன் எனப் பெயர்பெற்று வளர்ந்து, வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசுவை இரவில் மீட்டுச் சென்று அடிபட்ட கதையையும் கரும்பலகையில் எழுதி விளக்கினோம். பாலுண்ட கடனை அவன் எவ்வாறு தீர்த்தான் என்பதைப் பரீட்சை வினாவாகவும் கேட்டோம். அவ்வினா எம்மை நோக்கியது என்பதை அன்று உணரவில்லை.

ஆயினும் உள்ளதை உள்ளவாறே கூறவேண்டும். திருவள்ளுவர் புலான்மறுத்தல், கொல்லாமை என்னும் இரு அதிகாரங்கள் தந்தவர். அவரே இன்பத்துப்பாலில் இனிமைக்குப் பாலையும் தேனையும் உவமை கூறியவர். ஆகவே வள்ளுவர் பாலையும் விலக்கினார் என்று கூற இடமில்லை. எமது பிள்ளைகள் முன்னோர் வகுத்த பாதையை விட்டு விலகவில்லை. அதே பாதையில் இன்னும் ஓரடி முன்னே வைக்கின்றனர் என்பதே பொருந்தும்.

அந்த ஓரடி எளிதன்று. காந்தியடிகள் 1912ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையிற் பாலைக் கைவிட்டார். 1918ஆம் ஆண்டிற் கடும் நோயுற்று மெலிந்த பின்னர், தாம் விலக்கியது பசுப்பாலும் எருமைப்பாலுமே என்ற அமைதி கண்டு ஆட்டுப்பால் அருந்தலானார். அது குறித்து இறுதிவரை வருந்தினார். பெரியோர்க்கே இந்நெறி கடினமாயிருந்தது என்பதை அறிந்தால், இளைஞர் பிறரை இகழார். பெற்றோரும் பிள்ளைகளை எள்ளார்.

உடல்நலம்

பெற்றோரின் முதல் அச்சம் பிள்ளையின் உடல்நலமே. அது நியாயமான அச்சம். எமது மகள் முதல் ஆண்டில் பாணும் உருளைக்கிழங்குப் பொரியலும் உண்டு காலம் கழித்தாள். குடும்ப வைத்தியர் குருதியைச் சோதித்து இரும்புச் சத்துக் குறைவு என்றார். அதன்பின் கற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

முதலாவது, உயிர்ச்சத்து பி12. இதனை நுண்ணுயிர்களே ஆக்குகின்றன. தாவர உணவுகளில் இதனை நம்பத்தக்க அளவிற் பெற இயலாது. குறைபாடு வெளிப்படச் சில ஆண்டுகள் ஆகலாம். வெளிப்பட்ட பின் நரம்புகளுக்கு நேரும் கேடு நிலைத்தும் விடலாம். ஆகவே நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் அல்லது வாரம் ஒருமுறை 2000 மைக்ரோகிராம் மாத்திரையாக உட்கொள்ளுமாறு வீகன் சங்கம் பெரியோர்க்குக் கூறுகிறது. சிறுவர்க்குரிய அளவை வைத்தியரிடம் கேட்டறிக. மாத்திரை உண்ண மறுப்பவர் இந்நெறியை மேற்கொள்ளலாகாது என்பது எமது உறுதியான கருத்து.

இரண்டாவது, கல்சியம். 11 முதல் 18 வயது வரையான பெண்பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் ஆண்பிள்ளைகளுக்கு 1000 மில்லிகிராமும் தேவை. குரக்கன், எள், கீரைகள், கல்சியம் சேர்த்த சோயாப்பால் ஆகியவை உதவும். சோயாப்பாற் பெட்டியை நன்கு குலுக்கிய பின்னரே வார்க்க வேண்டும்; சத்து அடியிற் படிந்துவிடும்.

மூன்றாவது, இரும்புச் சத்து. பருப்பு, பயறு, கடலை, கௌபி ஆகியவற்றோடு தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்பை உடல் எளிதில் ஏற்கும். உணவோடு தேநீர் அருந்தினால் அது குறையும். அயடீன் பற்றியும் வைத்தியரிடம் கேட்டறிவது நன்று. உயிர்ச்சத்து டி இந்நாட்டின் இலையுதிர், பனிக் காலங்களில் எவ்வுணவு உண்போர்க்கும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் தேவைப்படுவது.

அடுக்களையில்

எமது மனைவியாரின் முதல் வினா, "இனி என்னத்தைச் சமைக்கிறது?" என்பது. ஆராய்ந்தபோது எமது யாழ்ப்பாணத்து அடுக்களையிற் பெரும்பகுதி ஏற்கெனவே நனிசைவமாக இருந்ததைக் கண்டோம். புட்டு, இடியப்பம், தேங்காய்ப்பாற் சொதி, கத்தரிக்காய்ப் பாற்கறி, முருங்கையிலை வறை, பருப்பு, எள்ளுருண்டை, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு அருந்தும் வெறுந்தேநீர் ஆகிய எதிலும் பசுவின் பால் இல்லை. எமது முன்னோர் பால் என்று கூறிச் சமைத்ததிற் பெரும்பகுதி தேங்காயிலிருந்து பிழிந்ததே. சம்பலில் இடும் மாசியையும் பருப்பின்மேல் ஊற்றும் நெய்யையும் நீக்கினால் போதுமாயிருந்தது. நெய்யின் இடத்தை நல்லெண்ணெய் நிரப்பிற்று. தைப்பொங்கலன்று பானையிற் தேங்காய்ப்பாலை வார்த்தோம். அதுவும் பொங்கி வழிந்தது.

கடையில் வாங்கும் பொருட்களிற் பால், முட்டை என்பவை சேர்ந்திருப்பின் அவற்றைச் சேர்மானப் பட்டியலில் வேறுபடுத்திக் காட்டவேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். ஆங்கிலம் நன்கு வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளே இப்பணியைத் தாய்மாருக்குச் செய்து கொடுக்கலாம்.

மாணவர்க்கும் பெற்றோர்க்கும்

மாணவச் செல்வங்களே! கருணையின் பெயரால் முதியோரைப் புண்படுத்தலாகாது. எமது மகள் ஒருமுறை ஊரிலுள்ள எமது தாயாரிடம் தொலைபேசியில், "அப்பம்மா, நீங்கள் கன்றின்ர பாலைக் களவெடுத்தனீங்கள்" என்று கூறிவிட்டாள். கன்று குடித்து விலகும்வரை செம்பைத் தொடாதிருந்தவர் எமது தாயார். அவர் இரண்டு வாரம் எவரோடும் சரியாகப் பேசவில்லை. மகள் தன் பிழையை உணர்ந்து மன்னிப்புக் கேட்டாள். அடுத்த மாதம் ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் ஒடியல்மா, எள்ளுமா, பனங்கட்டி ஆகியன நிறைந்த பொதியொன்றைத் தாயார் கொடுத்தனுப்பினார். "இதுக்குள்ள மாட்டுச் சாமான் ஒண்டும் இல்லை எண்டு பிள்ளையிட்டச் சொல்லு" என்பதே உடன்வந்த செய்தி. அப்பொதியைப் பிரித்தபோது மகள் அழுததைக் கண்டோம்.

மிருதங்கத்தின் தோலைப் பற்றியும் ஒரு மாணவன் எம்மிடம் வினவினான். இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை தவிர்ப்பது என்றே வீகன் சங்கத்தின் வரைவிலக்கணமும் கூறுகிறது. குருவிடம் பணிவோடு கேள். செயற்கைத் தோல் பொருத்திய மிருதங்கங்களும் இன்று உண்டு என விடையளித்தோம்.

பெற்றோர்களே! உண்ண உணவின்றி இருந்த நாட்களை நாம் மறக்கவில்லை. அதனாலேயே ஒரு பிள்ளை உணவை மறுக்கும்போது எமது நெஞ்சு பதறுகிறது. ஆனால் எமது பிள்ளைகள் பசியின்றி வாழவேண்டும் என்பதற்காகவே நாம் இங்கு வந்தோம். பசியில்லாத பிள்ளைக்குத்தான் பிற உயிரின் பசியைப் பற்றி எண்ண நேரம் கிடைக்கிறது. அது நாம் பட்ட துன்பத்தின் பயனே அன்றி அவமதிப்பன்று.

எமது வீட்டில் இன்று பால் வாங்குவதில்லை. நாம் முற்றாக மாறிவிட்டோம் எனக் கூறமாட்டோம். உறவினர் வீட்டிற் பாற்தேநீர் தந்தால் மறுக்கும் துணிவு எமக்கு இன்னும் வரவில்லை. மகள் அருகிலிருந்தால் எம்மை ஒருமுறை பார்ப்பாள், ஒன்றும் கூறமாட்டாள். அடுத்த பொங்கல் விழாவில் இரண்டு பானை வைக்குமாறு பள்ளி நிர்வாகத்தினரைக் கேட்டுள்ளோம். ஒன்று பசுப்பாலில், மற்றொன்று தேங்காய்ப்பாலில். இரண்டும் ஒரே முற்றத்திற் பொங்கட்டும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க எமது பள்ளி!