உங்களுக்குத் தெரியுமா? – மாதம் ஒரு சரித்திர நாவல்

எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த வருஷம் ஒரு பந்தயம். மாதம் ஒரு சரித்திர நாவல் படிக்கவேண்டும். முடித்த கையோடு ஒரு பக்க மதிப்புரை. கதைச் சுருக்கம் எழுதினால் செல்லாது. கல்வெட்டும் ஏடும் எதுவரை பேசுகின்றன, ஆசிரியர் எங்கிருந்து இட்டுக்கட்டுகிறார் என்று அந்தத் தையலைக் காட்டவேண்டும். இட்டுக்கட்டியது குற்றமில்லை, தையல் பிரிந்து தொங்கினால்தான் குற்றம். நோட்டில் சேர்ந்ததிலிருந்து கொஞ்சம்.

*

தமிழின் முதல் சரித்திர நாவல் எது? சோழரும் இல்லை, பல்லவரும் இல்லை. 1895-இல் வந்த 'மோகனாங்கி'யைத்தான் சொல்கிறார்கள். மதுரைச் சொக்கநாத நாயக்கர் காலத்துக் கதை. எழுதியவர் த. சரவணமுத்துப்பிள்ளை, திருகோணமலைக்காரர், சென்னை மாநிலக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவர். கல்கி அப்போது பிறக்கவே இல்லை.

*

எத்தனை வருஷம் பழசானால் அது சரித்திரம்? பிரிட்டனில் வால்டர் ஸ்காட் பெயரில் சரித்திர நாவலுக்கு ஒரு பரிசு தருகிறார்கள். கதையின் பெரும்பகுதி குறைந்தது 60 வருஷத்துக்கு முன்னால் நடந்திருக்க வேண்டும் என்பது விதி. ஸ்காட் 1814-இல் எழுதிய 'வேவர்லி'யின் துணைத் தலைப்பிலேயே அந்த அறுபது இருக்கிறது. இந்தக் கணக்குப்படி 1965 மொழிப் போராட்டத்தை வைத்து இன்று ஒருவர் எழுதினால் அதுவும் சரித்திர நாவல்தான். எங்கள் வட்டத்தில் அந்த ஊர்வலத்தில் நடந்தவர் ஒருவர் உண்டு. "அப்ப நானும் கல்வெட்டா?" என்று முறைத்தார்.

*

'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 அக்டோபர் 29-இல் தொடங்கி 1954 மே 16-இல்தான் முடிந்தது. மூன்றரை வருஷம்! வாரக் கடைசியில் ஓர் அலறல், ஒரு நிழல், கதவைத் தட்டும் சத்தம் என்று நிறுத்தி ஏழு நாள் காக்க வைப்பதற்காக எழுதிய அத்தியாயங்கள் அவை. ஒரே மூச்சில் படித்துவிட்டு "திருப்பம் திருப்பமாக வருகிறது, சலிக்கிறது" என்று எழுதுவது நியாயமில்லை. நான் நாளைக்கு இத்தனை அத்தியாயம்தான் என்று வைத்துக்கொண்டேன்.

படித்தது அத்தை வீட்டு பைண்டிங். வாரா வாரம் இதழிலிருந்து கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலிகோ ஒட்டியது. பக்கங்களில் ராமபாணம் துளை போட்டிருக்கிறது. மணியம் வரைந்த குந்தவையின் கொண்டைக்குள் ஒரு துளை. நாலு பக்கம் தள்ளி அதே துளை பழுவேட்டரையரின் மீசையில். நடுவில் ஓர் இதழ் தொலைந்துபோயிருக்கிறது. அந்த அத்தியாயத்தை யாரிடமோ இரவல் வாங்கி, கோடு போட்ட தாளில் கையால் எழுதி, அதையும் சேர்த்துத் தைத்திருக்கிறாள் அத்தை.

*

மணியத்தின் மகன்தான் ம.செ. என்கிற மணியம் செல்வன். அப்பா வந்தியத்தேவனை வரைந்தார், சு. வெங்கடேசனின் 'வேள்பாரி' விகடனில் நூறு வாரத்துக்கு மேல் வந்தபோது பாரியை வரைந்தவர் மகன்.

*

'பொன்னியின் செல்வ'னில் வரும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலைக்குக் கல்லில் சாட்சி உண்டு. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. ஆனால் அது கொலையைச் சொல்ல வந்த கல்வெட்டே இல்லை; நில விவகாரம். துரோகிகளின் சொத்தையும் அவர்கள் உறவினர் சொத்தையும் பறிமுதல் செய்தது பற்றிய ஆவணம். சோமன், பஞ்சவன் பிரமாதிராஜன் என்கிற ரவிதாசன், இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்கிற பரமேசுவரன் என்று பெயர்கள் வருகின்றன. பட்டங்களைப் பாருங்கள். அரசாங்கத்தில் பெரிய பதவி வகித்தவர்களுக்குத் தரப்படுபவை அவை. நாவலிலோ ரவிதாசன் காட்டில் ஆந்தைபோல் கத்தும் மந்திரவாதி!

ஏன் கொன்றார்கள் என்று கல் சொல்லவில்லை. உத்தம சோழனுக்குப் பங்குண்டு என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. அந்த இடைவெளியில்தான் கல்கி நந்தினி என்கிற பாத்திரத்தை நுழைத்தார். அவளுக்கு எந்தக் கல்வெட்டும் கிடையாது. இன்னொன்று: நாவலின் முதல் காட்சியில் வந்தியத்தேவன் குதிரையில் வருவது வீரநாராயண ஏரிக்கரையில், அதாவது இன்றைய வீராணம். கல்வெட்டு இருக்கும் ஊர் அந்த ஏரியை ஒட்டித்தான் இருக்கிறது. துப்பை முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டார் மனுஷன். தையல் என்றால் இது.

*

வந்தியத்தேவன் நிஜ ஆள்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியதேவரின் மனைவி என்கிறது. குறும்பு, வாய்த்துடுக்கு, பசி எல்லாம் கல்கி போட்டது.

*

சாண்டில்யனின் 'கடல் புறா' நாயகன் கருணாகரத் தொண்டைமானும் கற்பனை இல்லை. கலிங்கத்துப் பரணி பாடும் போரில் குலோத்துங்கனின் படையை நடத்தியவன். சாண்டில்யன் அவனைக் கப்பல் ஏற்றி ஸ்ரீவிஜயக் கடலுக்கு அனுப்பிவிட்டார். கப்பல் சண்டைகளுக்கு என்னிடம் முழு மார்க். நாயகியர் வர்ணனையில் பத்துப் பக்கம் தாண்டினேன் என்று மதிப்புரையிலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

*

பிழை பிடிக்க எளிய வழி சமையலறைக்குள் எட்டிப் பார்ப்பது. சோழர் வீட்டுக் குழம்பில் மிளகாய் மிதந்தால் ஆசிரியர் மாட்டினார். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, முந்திரி, புகையிலை எல்லாமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்ச்சுகீசியர் 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கிய பிறகே நம் பக்கம் வந்தன. அதற்கு முன் காரம் என்றால் மிளகுதான். அடுத்தது நேரம். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு நாளுக்கு 60 நாழிகை. "ஐந்து நிமிடத்தில் வருகிறேன்" என்று ஒரு பல்லவ ஒற்றன் சொன்ன நாவலை அங்கேயே மூடி வைத்தேன். பெயர் வேண்டாம்.

*

ராஜாக்கள் அலுத்துவிட்டால் பிரபஞ்சன். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்த சேதியும் ஊர்ச் சச்சரவும் அதில் அடக்கம். 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டும் அந்த ஏட்டிலிருந்து கிளைத்தவை. பின்னதற்கு 1995-இல் சாகித்திய அகாதெமி விருது. எனக்கு இந்த வருஷத்தில் அதிகம் பிடித்தவை இவை. வாள் வீச்சு குறைவு, வயிற்றுப்பாடு அதிகம்.

*

இந்த மாதம் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'. 2008-இல் வந்தது, 2011-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது, 'அரவான்' படம் இதில் ஒரு பகுதியிலிருந்து எடுத்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். படுத்துக்கொண்டு படித்தால் கை விட்டுப்போகிறது. தலையணை மேல் புத்தகத்தைச் சாய்த்து நான் உட்கார்ந்திருக்கிறேன். இதை இரண்டு நாவலாக எண்ணிக்கொள்ளலாமா என்று வட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். ஆகாது என்றுவிட்டார்கள்.