வலி நின்ற பல்

முகூர்த்த மாதங்கள் ஓய்ந்து, ஆர்டர் சேலைகள் கடைக்குப் போன பிறகுதான் நம் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்திலிருந்து பல்வலிக்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள். வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் தேதி வராது. "அந்த மாம்பழக் கலர் சேலை தறியில இருந்தப்போ டாக்டர்" என்பார் ஒருவர். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு சேலை அறுத்துக் கொடுத்திருப்பார். "பாவு முடியட்டும்னு இருந்துட்டேன்" என்பது அடுத்த வரி. அவர் சொல்லுமுன் நானே சொல்லிவிடுவேன்.

தறியில் உட்காராத நாளுக்குக் கூலி இல்லை. அது எனக்குப் புரிகிறது. புரியாதது, அந்தக் காத்திருப்பில் பல்லுக்குள் திணித்து வைக்கும் சாமான்கள்தான். கடைவாய்ப் பல் குழியில் இடுக்கியை விட்டு இழுத்தால் முதலில் கறுத்த பஞ்சு வரும், கிராம்பு எண்ணெய் வாசனையோடு. அதற்கு அடியில் மூக்குப்பொடி. அதற்கும் அடியில் மிளகளவு பெருங்காயம். தோற்றுப்போன வைத்தியங்கள் தோற்ற வரிசையிலேயே அடுக்காக இருக்கும்.

வலி நின்றால் குணமா?

எல்லோரும் நரம்பு என்று சொல்லும் பற்கூழ் அழற்சி கண்டால் இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டத்தில் ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீரென்கும். சில நொடியில் அடங்கிவிடும். அப்போதே வந்து சொத்தையைச் சுரண்டி அடைத்துக்கொண்டால் கூழ் தானாகத் தேறிக்கொள்ளும். இரண்டாம் கட்டத்தில் வலி கூப்பிடாமலே வரும். டீ சூட்டுக்கு விண்விண்ணென்று தெறித்து, அரை நிமிஷம் கழித்தும் அடங்காது. படுத்தால் கூடும். நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து வாயில் பச்சைத் தண்ணீரை வைத்துக்கொண்டால்தான் கொஞ்சம் நிம்மதி என்கிறவரின் பற்கூழ் அநேகமாகக் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

பிறகு ஒருநாள் வலி சட்டென்று நின்றுவிடும். ஏமாறுவது இங்கேதான். வலியை உணரும் நரம்பே செத்துவிட்டது, அவ்வளவுதான். கிருமிகள் வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். சில வாரத்திலோ சில வருஷத்திலோ ஈறில் ஒரு சீழ்ப் பரு, அல்லது கன்னத்தில் வீக்கம். சர்க்கரை நோயாளியாக இருந்தால் அந்த வீக்கம் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைக்கும் அளவுக்குப் போகலாம். அந்த நிலையில் வந்தும் "போன தடவை தானா சரியாயிடுச்சே" என்று என்னிடமே வாதாடுகிறார்கள்.

பரிசோதனை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சின்ன எக்ஸ்ரே, பல்லில் குளிர் வைத்துப் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது.

கிராம்பு முதல் எருக்கம்பால் வரை

கிராம்பைக் குறை சொன்னால் பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது. ஒப்புக்கொள்கிறேன், கிராம்பில் இருக்கும் யூஜினால் மரத்துப்போகச் செய்யும். தற்காலிகமாகப் பல்லை அடைக்க நாங்களே அதைத் துத்தநாக ஆக்ஸைடுடன் குழைத்துப் பல காலமாகப் பயன்படுத்துகிறோம். ஆனால் கடையில் வாங்கிய எண்ணெயை அப்படியே பஞ்சில் நனைத்து ராத்திரி முழுக்கக் கடித்துக்கொண்டிருந்தால் ஈறு வெந்து, காலையில் வெள்ளைத் தோலாக உரியும். திறந்து கிடக்கும் பற்கூழில் பட்டால் பிழைக்க வேண்டிய செல்களும் சாகும். ஒரு கிராம்பை மென்று ஒரு ராத்திரியை ஓட்டுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடிந்ததும் வாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

எருக்கம்பால் விஷயத்தில் எனக்கு இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. ஒரு துளி கண்ணில் தெறித்தால் கருவிழியைக் கலங்கடிக்கும் பால் அது. அதைக் குச்சியில் தொட்டுப் பேரப்பிள்ளையின் பல்லில் வைப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். மூக்குப்பொடியும் புகையிலையும் வேறு ரகம். பல்வலிக்கென்று அடக்க ஆரம்பிப்பார்கள், வலி போன பிறகும் கை அந்தப் பொட்டலத்தை விடாது. அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க வெளியூர் போக வேண்டாம். காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை நம் ஊரில்தான் இருக்கிறது.

ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பவர்கள், அது அமிலம் என்பதை ஈறு புண்ணான பிறகு தெரிந்துகொள்கிறார்கள். கன்னம் வீங்கியதும் வறுத்த உப்பை மூட்டை கட்டி ஒத்தடம் கொடுப்பது இன்னொன்று. உள்ளே சீழ் இருக்கும்போது வெளியிலிருந்து சூடு கொடுத்தால் அது கன்னத்துப் பக்கமாகவே வழி தேடும். அப்படித் தாடைக்குக் கீழே தோலில் துளை விழுந்து சீழ் கசிய, அதைத் தோல் வியாதி என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டு திரிந்தவர்களும் உண்டு. பல்லைக் கவனித்ததும் அந்தப் புண் தானாகவே ஆறிவிடும்.

பூச்சி எடுக்கிறவர்கள்

கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, புகையை வாயில் பிடிக்கச் சொல்லி, பல்லிலிருந்து புழு விழுந்தது என்று தட்டில் காட்டுகிற வித்தை இன்னும் ஓயவில்லை. சூட்டில் வெடித்த விதையிலிருந்து தெறித்த வெள்ளை முளைதான் அந்தப் புழு. பல் மருத்துவத்தின் தந்தை எனப்படும் பிரெஞ்சுக்காரர் பியேர் ஃபோஷார் 1728-லேயே பல் புழு என்று ஒன்றைத் தான் கண்டதில்லை என்று புத்தகத்தில் எழுதிவிட்டார். முந்நூறு வருஷம் நெருங்குகிறது.

பல்லைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத கிருமி. 1965-இல் அமெரிக்காவில் ககேஹாஷியும் உடனிருந்தவர்களும் எலிகளின் பல்லைத் துளைத்துப் பற்கூழைத் திறந்துவிட்டார்கள். கிருமியே இல்லாத கூண்டில் வளர்ந்த எலிகளுக்கு, குழிக்குள் தீனி அடைத்துக் கிடந்தும்கூட, கூழ் பிழைத்துத் தன்மேல் புதிதாக ஒரு கடினத் திசுவைப் போட்டு மூடிக்கொண்டது. சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகியது. கிருமி அண்டாமல் காத்தால் பற்கூழ் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அழுக்குப் பஞ்சால் குழியை அடைப்பவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர்.

மெடிக்கல் ஷாப்பில் ஒரு செட்

"பல்வலிக்கு ஒரு செட் குடுங்க" என்றால் மூன்று கலரில் மாத்திரை கத்தரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் ஒன்று வலி மாத்திரை, ஒன்று கேஸ் மாத்திரை, ஒன்று ஆன்டிபயாடிக். இந்த மூன்றாவதைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல். ரத்த ஓட்டம் திணறும் பற்கூழுக்குள் மருந்து போய்ச் சேர வழியில்லை. வீக்கமோ காய்ச்சலோ இல்லாத பற்கூழ் வலிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் தெளிவாக எழுதியே வைத்துவிட்டது. இங்கே இரண்டு நாள் விழுங்கி, வலி குறைந்ததும் மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். பிறகு நிஜமாகவே ஆன்டிபயாடிக் தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாது.

வலி மாத்திரை இன்னும் மோசம். வெறும் வயிற்றில் டைக்ளோபெனாக், அதன்மேல் டீ, மறுபடி தறி. வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வந்த பிறகு பல்லைப் பற்றிப் பேச யாருக்கு நேரம்?

கண் போகாது

மேல் பல்லில் கை வைத்தால் கண் பார்வை போய்விடும் என்று மருமகளைத் திருப்பி அழைத்துப்போகும் மாமியார்களே, போகாது. கண்ணுக்குப் போகும் நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. வயதானவர்களுக்குப் பல் விழுவதும் கண் மங்குவதும் ஒரே காலத்தில் நடப்பதால் ஒன்றின்மேல் ஒன்றைப் பழி போடுகிறோம்.

"பால் பல்தானே, விழுந்துடப் போகுது" என்பதும் இந்த வகைதான். பால் பல்லின் வேருக்குக் கீழேயே நிரந்தரப் பல்லின் முளை இருக்கிறது, மேலே பிடிக்கும் சீழ் அதைத் தொடும். இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. ஆறு வயதில் வரிசையின் கடைசியில், எந்தப் பல்லும் விழாமலே முளைக்கும் கடைவாய்ப் பல்லை அம்மாக்கள் பால் பல் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆயுளுக்கும் அது ஒன்றுதான். அது சொத்தையாகி வரும் எட்டு வயதுப் பிள்ளைகளைப் பார்க்கும்போதுதான் எனக்கு வாய் கொஞ்சம் நீளுகிறது.

உயிர் இருந்தால் காப்பாற்றலாம்

நரம்பு வரை சொத்தை போனால் ஒன்று பிடுங்கல், இல்லாவிட்டால் ரூட் கேனால் என்றுதான் நாங்களும் படித்தோம். இப்போது அப்படியில்லை. கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மீதிக் கூழின்மேல் எம்.டி.ஏ போன்ற சிமென்ட்டை வைத்துக் காற்றுப் புகாமல் அடைத்தால் பல் உயிரோடு பிழைக்கிறது. விழுந்து முன்பல் உடைந்து, கூழ் சிவப்புப் புள்ளியாகத் தெரியும் பிள்ளைகளுக்கு ஸ்வீடனின் க்வெக் 1978-லேயே இதைக் காட்டினார். மேலாக இரண்டு மில்லிமீட்டர் எடுத்துவிட்டு மருந்து வைத்ததில் 100-க்கு 96 பற்கள் பிழைத்தன, அவற்றில் சில உடைந்து பல வாரம் ஆனவை. பெரியவர்களின் கடைவாய்ப் பல்லிலும் இன்று இதைச் செய்கிறோம். ஒரே நிபந்தனை, உள்ளே உயிர் மிச்சம் இருக்க வேண்டும்.

உயிர் போய்விட்டால் பெரியவர்களுக்கு ரூட் கேனால் இருக்கிறது, நல்ல சிகிச்சைதான். சிக்கல் பிள்ளைகளுக்கு. பல் முளைத்து மூன்று வருஷம் வரை வேர் முழுதாக முடியாது, நுனி புனல் மாதிரி திறந்திருக்கும், சுவர் மெல்லிசு. அந்த வயதில் கூழ் செத்தால் வேர் அதோடு நின்றுவிடும். பிறகு ஒரு கரும்பைக் கடித்தாலே கழுத்தோடு முறியும்.

இந்தப் பற்களுக்குத்தான் மீளுருவாக்கச் சிகிச்சை. ஜப்பானில் இவாயா குழுவினர் 2001-இலும், பேங்ஸும் ட்ரோப்பும் 2004-இலும் வெளியிட்ட நோயாளிகளின் கதைகளிலிருந்து இது பரவியது. முதல் தடவை வேர்க்குழாயைச் சுரண்டாமல் கிருமிநாசினியால் கழுவி, மருந்து வைத்து மூடிவிடுகிறோம். சில வாரம் கழித்து மறுபடி திறந்து, மெல்லிய ஊசியை வேர் நுனிக்குக் கொஞ்சம் அப்பால் விட்டு, வேண்டுமென்றே ரத்தம் கசியவைத்து, அந்த ரத்தம் குழாயில் ஏறி உறைந்ததும் அதன்மேல் சிமென்ட் வைத்து மூடுகிறோம். வேர் நுனியில் இருக்கும் ஸ்டெம் செல்கள் அந்த உறைவுக்குள் குடியேறி வேர்ச் சுவரைத் தடிக்க வைக்கின்றன. பாவு போடாமல் ஊடை ஓடாது என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே ரத்த உறைவுதான் பாவு.

உள்ளே வளர்வது பழைய பற்கூழே என்று சொல்லிவிட முடியாது. நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் எலும்பும் வேர்ப் பூச்சும் போன்ற திசுதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் வேர் ஒரே அளவு நீள்வதும் இல்லை. ஆனாலும் சீழ் வற்றி, பல் வாயில் நிற்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு அதுவே பெரிய விஷயம்.

விளம்பரத்தில் வளரும் பல்

"ஸ்டெம் செல் மூலம் புதுப் பல்" என்று வாட்ஸ்அப்பில் வருவதைக் காட்டி விலை கேட்கிறார்கள். ஆராய்ச்சி நடக்கிறது, உண்மை. பற்கூழில் ஸ்டெம் செல் இருப்பதை 2000-இலும், விழும் பால் பல்லில் இருப்பதை 2003-இலும் கண்டார்கள். சீனாவில் பிள்ளைகளின் பால் பல்லிலிருந்து எடுத்த செல்களை அவர்களுடைய அடிபட்ட முன்பல்லிலேயே வைத்து 2018-இல் முடிவு வெளியிட்டார்கள். நம் ஊர்க்காரர்களுக்குப் பிடித்த செய்தி ஒன்றும் உண்டு. அந்தச் செல்கள் வளர்வதற்கான சாரமாகப் பட்டு நூலையே, பசையை நீக்கிவிட்டு, ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்திப் பார்க்கிறார்கள்.

ஆனால் இவையெல்லாம் ஆய்வு. தெருமுனை கிளினிக்கில் காசுக்குக் கிடைக்கும் சரக்கு இல்லை. பிள்ளையின் பால் பல்லைப் பணம் கட்டிச் சேமிக்கச் சொன்னாலும் ஏமாறாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி தொப்புள்கொடி ரத்தம் தவிர வேறெதையும் வணிக வங்கிகள் சேமிக்க அனுமதி இல்லை.

கும்பிட்டுக் கேட்கிறேன்

தறிக்காரர்களே, இழையைப் பல்லால் கடிக்காதீர்கள், கையெட்டும் தூரத்தில் கத்தரி இருக்கட்டும். டீயை நிறுத்தச் சொல்லவில்லை, சர்க்கரையைக் குறையுங்கள், குடித்ததும் வாயைக் கொப்பளியுங்கள். செங்கல் பொடியும் சாம்பலும் பல்லைத் தேய்த்தெடுக்கும். ஃப்ளோரைடு பேஸ்ட் போதும், மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்குமேல் பட்டாணி அளவு. ராத்திரி தேய்த்த பிறகு பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள் தாயே, பால் புட்டியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பணம் இல்லை என்று பல்லை விட்டுவிடாதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. அதற்கு மேலும் வேண்டுமென்றால் சென்னை பீச் ரயிலில் ஏறிக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி. பள்ளிக்குப் பல் பரிசோதனைக்கு ஆள் வந்து, உங்கள் பிள்ளையின் கையில் சீட்டு எழுதிக் கொடுத்தால், அதைப் புத்தகப் பையிலேயே மக்கவிடாதீர்கள்.

கடைசியாக வாத்தியார்களுக்கு ஒன்று. விளையாட்டில் பிள்ளையின் முன்பல் வேரோடு விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல், பல்லின் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் லேசாக அலசி, அந்தக் குழியிலேயே செருகி, துணியைக் கடிக்கச் சொல்லி, ஓடி வாருங்கள். செருகப் பயமாக இருந்தால் ஒரு டம்ளர் பாலில் போட்டுக் கொண்டுவாருங்கள். இளநீர் உதவுமா என்று சென்னையிலேயே 2008-இல் ஆய்ந்து நம்பிக்கையான முடிவு சொன்னார்கள், ஆனால் அதன் அமிலத்தன்மை காரணமாகப் பாலைத்தான் நான் முதலில் சொல்வேன். ஒரு மணி நேரத்துக்குமேல் காய்ந்து கிடந்தால் வேர்மேல் இருக்கும் செல்கள் செத்துவிடும். காகிதத்தில் மடித்து எடுத்து வராதீர்கள். விழுந்தது பால் பல்லாக இருந்தால் மட்டும் திரும்பச் செருக வேண்டாம்.