இல்லத்து இணையம்: மோடமும் ரவுட்டரும்

மின்காந்த அலைகள் உளவென்பதை ஜெர்மானிய அறிஞரான ஹேர்ட்ஸ் 1887ஆம் ஆண்டு தொடங்கிச் செய்த ஆய்வுகளால் மெய்ப்பித்தார். அவ்வலைகளே பின்னர்க் கம்பியில்லாத் தந்தியையும் வானொலியையும் உலகுக்கு அளித்தன. இன்று அவை வீட்டுக்கு வீடு சிறு பெட்டியொன்றினின்று எழுந்து, நூலகத்தையும் வகுப்பறையையும் கைத்தொலைபேசிக்குட் கொணர்கின்றன. 2020 மார்ச்சில் கொள்ளைநோயின் பொருட்டு இலங்கைப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, வீட்டிணையம் கல்விக்குரிய கருவிகளுள் ஒன்றாயிற்று. திருகோணமலை நகருக்கு வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள புல்மோட்டை போன்ற ஊர்களிற் சிறு பழுதுக்கும் தொழில்நுட்ப வல்லார் வரும்வரை காத்திருக்க நேரின், அந்நாட்கள் மாணவர் பாடமிழக்கும் நாட்களாம். ஆதலின் இக்கருவிகளை அமைக்கும் முறையையும் அதற்குரிய காரணத்தையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மோடம், ரவுட்டர் என்னும் இரண்டையும் ஒன்றெனக் கருதுவார் பலர். இம்மயக்கமே பல இடர்களுக்கு மூலம். மோடம் ஒரு துவிபாஷி போன்றது. தொலைபேசிக் கம்பிவழி வரும் மின்னலைகளைக் கணினி உணரும் எண்குறிகளாகவும், எண்குறிகளை மின்னலைகளாகவும் மாற்றுவது அதன் தொழில். இணைப்புக் கண்ணாடி இழைவழி வருமாயின், ஒளித்துடிப்பை மாற்றும் கருவி அதனிடத்தில் நிற்கும். கம்பி எட்டாத இடங்களிற் கோபுரத்து அலையை ஏற்கும் 4ஜி கருவி அத்தொழிலைச் செய்யும்.

ரவுட்டரோ தபாற்காரரை ஒத்தது. இணையத்தின் பழைய முகவரி முறையில் ஏறக்குறைய 429 கோடி முகவரிகளே உள. உலகிலுள்ள கருவிகளனைத்திற்கும் அவை போதா. ஆதலின் வீட்டிலுள்ள கருவிகள் யாவும் வெளியுலகிற்கு ஒரே முகவரியுடையனவாய்த் தோன்றுகின்றன. ரவுட்டர் அவை ஒவ்வொன்றிற்கும் பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும் உள்முகவரியை வழங்கி, வரும் செய்திகளை உரிய கருவியிற் சேர்ப்பிக்கின்றது. இக்காலத்தில் இருதொழிலும் ஒரே பெட்டியில் அமைந்து வருதலும் உண்டு. அத்தகைய பெட்டியுடையார், அதன் அலை எட்டாத அறை இருந்தாலன்றி, வேறு ரவுட்டர் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டுவதில்லை.

இனி, இரண்டும் தனித்தனியாக உள்ள வீட்டில் அமைக்கும் முறையைக் காண்போம். முதலில் மோடத்தை வெளிக்கம்பியுடன் இணைத்து, இணைப்பைக் காட்டும் விளக்கு நிலையாக ஒளிரும்வரை பொறுத்தல் வேண்டும். பின்னர் மோடத்திலிருந்து வலைக்கம்பியொன்றை ரவுட்டருக்குக் கொண்டுசென்று, ‘வான்’ என்றோ ‘இன்ரநெற்’ என்றோ பொறிக்கப்பட்ட துளையிற் செருகுதல் வேண்டும். ரவுட்டரின் அடிப்புறத்தில் அதன் முகவரியும் தொடக்கக் கடவுச்சொல்லும் அச்சிடப்பட்டிருக்கும். கைத்தொலைபேசியை ரவுட்டருடன் இணைத்து, 192.168.1.1 போன்ற அம்முகவரியை உலாவியில் இட்டால் அமைப்புப் பக்கம் திறக்கும்.

அப்பக்கத்தில் தெரிய வேண்டியது ஒன்றுளது: நிறுவனம் தந்த பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் மோடம் ஏற்றிருக்கின்றதா என்பதே அது. மோடம் ஏற்றிருப்பின், ரவுட்டரைத் தானே முகவரி பெறும் முறையில் விடுதல் போதும். ஏற்காது பாலமாக மட்டும் நிற்பின், அவற்றை ரவுட்டரிற் பதிதல் வேண்டும். மோடமும் ரவுட்டரும் ஒரே உள்முகவரி வரிசையைக் கொள்ளின், ஒரே இலக்கமுடைய இரு வீதிகளிற் கடிதம் தடுமாறுவதுபோலச் செய்தியும் தடுமாறும். அப்போது ரவுட்டரின் முகவரியை 192.168.2.1 என மாற்றினால் இடர் நீங்கும்.

ரவுட்டரை வைக்கும் இடமும் சிந்தித்தற்குரியது. திருகோணமலைக்கு அண்மையில் ஜெர்மனியின் டொய்ச் வெல்ல வானொலி 1984 முதல் 2013 வரை நடாத்திய அஞ்சல் நிலையத்தின் சிற்றலைகள் கடல்கடந்து ஒலித்தன. அவை பெருவலியுடன் எழுந்து, வானின் மின்னூட்டப் படையிற் பட்டுத் திரும்புவன. வீட்டு ரவுட்டரின் வலியோ ஏறக்குறைய ஒரு வாற்றின் பத்திலொரு பங்கே. அதன் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரைச் சென்ரிமீற்றர். 5 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு சென்ரிமீற்றர். முன்னையது சுவரைக் கடந்து சற்றுத் தொலைவு செல்லும். பின்னையது விரைவு மிக்கதாயினும் சுவரில் எளிதில் மெலியும். தகரம் அலையைத் திருப்பும்; நீர் அதனை உறிஞ்சும். ஆகவே இரும்பு அலுமாரியின் பின்னும் தண்ணீர்த் தாங்கியின் அருகும் வையாது, வீட்டின் நடுவே உயரமான இடத்தில் வைத்தல் நன்று.

காவலும் இன்றியமையாதது. 1990களின் இறுதியில் வழங்கிய வெப் என்னும் பூட்டின் குறைபாடுகள் 2001இல் வெளிப்பட்டன. இன்று டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 என்பதனையே தெரிதல் வேண்டும். அமைப்புப் பக்கத்தின் தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றாது விடுதல், திறப்பைக் கதவிலேயே விட்டுச் செல்வதற்கு ஒப்பாம்.

இரு கருவிகளின் தொழிலையும் பிரித்தறிந்தார்க்குப் பழுதறிதல் எளிது. இணையம் வராதபோது அமைப்புப் பக்கம் திறக்குமாயின், ரவுட்டரும் அதன் அலையும் நலமே. மோடத்தின் விளக்கை நோக்குக. அவ்விளக்கு ஒளிராதாயின் பழுது பெரும்பாலும் வெளிக்கம்பியினது. அதனை நிறுவனமே திருத்தல் வேண்டும். விளக்கு ஒளிரின், இடைக்கம்பியையும் பயனர்பெயரையும் சரிபார்க்க. வலையின் பெயரே தொலைபேசியிற் தோன்றாதாயின் குறை ரவுட்டரிலாம். இரண்டையும் அணைத்து மீள ஏற்றுங்கால், மோடம் முன்னும், இரண்டொரு நிமிடம் கழித்து ரவுட்டர் பின்னுமாக ஏற்றுதலே முறை.

இவ்வறிவு பொறியியலாளர்க்கே உரியதன்று. ஊருக்கு ஒரு மாணவன் இதனை நன்கறியின், அயல்வீடு பத்தின் பாடமும் தடைப்படாது நடக்கும். மாணவர் இதனைக் கற்றுப் பிறர்க்கும் பயன்படுத்துவாராக.