கேஸ் எங்கே போச்சு?

2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த இரவு அது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தாழ்வான தெருக்களில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. இப்படித் தண்ணீரில் நின்ற ஃப்ரிட்ஜைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிட அவசரப்பட வேண்டாம்.

ஃப்ரிட்ஜின் அடியில் இருக்கும் கறுப்பு உருண்டைதான் கம்ப்ரசர். மோட்டாரும் பிஸ்டனும் எஃகுக் கூட்டுக்குள் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருப்பதால் வெளித் தண்ணீர் உள்ளே போக வழியில்லை. கெடுவது பக்கவாட்டில் மாட்டியிருக்கும், மோட்டாரைக் கிளப்பிவிடும் ரிலே, சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓவர்லோடு, ஒயர் முனைகள், புதிய மாடல்களில் எலெக்ட்ரானிக் போர்டு ஆகியவைதான். வெள்ளம் வடிந்ததும் ஸ்விட்ச் போட்டுப் பார்ப்பதுதான் ஆபத்து. ஷாக் அடிக்கலாம், மோட்டார் சுருளும் எரியலாம். பிளக்கைப் பிடுங்கி, சேற்றைக் கழுவி, நன்றாக உலரவிட்டு, மெக்கானிக் மின்கசிவு இல்லை என்று சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

வெள்ளமே வராத நாளிலும் ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்றால் காதில் விழும் முதல் வார்த்தை: "கேஸ் போயிடுச்சு, அடிக்கணும்." உடனே ஒப்புக்கொள்ளக் கூடாது. பைக்கில் பெட்ரோல் தீர்வதுபோல ஃப்ரிட்ஜில் கேஸ் ஓட ஓடத் தீர்வதில்லை. கம்ப்ரசர் அழுத்த, பின்புறக் குழாய்களில் வெப்பத்தை விட்டுத் திரவமாகி, மெல்லிய கேபிலரி குழாய் வழியே ஃப்ரீசருக்குள் பாய்ந்து, அங்கே வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகித் திரும்பும் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

ஓட்டைதானா என்பதை ஃப்ரிட்ஜே சொல்லும். சில விநாடி உறுமி, 'டிக்' என்று நின்று, சற்று நேரம் கழித்து மறுபடி உறுமினால் முதலில் ரிலேயையும் வீட்டு வோல்டேஜையும் பார்க்க வேண்டும். கேஸுக்கு அதில் வேலையில்லை. கம்ப்ரசர் நிற்காமல் ஓடியும் பின்குழாய் சூடாகாமல், ஃப்ரீசரின் ஒரு மூலையில் மட்டும் பனி படிந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். அணைத்து வைத்துப் போட்டால் குளிர்ந்து, சில மணி நேரத்தில் குளிர்ச்சி மறுபடி நின்றால், உள்ளே சிக்கிய ஈரம் கேபிலரியின் முனையில் உறைந்து அடைத்திருக்கக்கூடும்.

மரக்காணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று குழாய்களை அரிக்கும். ஓட்டை விழுந்தால் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி இடத்தைக் கண்டுபிடித்துப் பற்றவைத்து, ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டரை மாற்றி, வேக்யூம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகுதான் கேஸ் ஏற்ற வேண்டும். வேக்யூமைத் தவிர்த்தால் அந்த ஈரமே நாளை அடைப்பாகும்.

இன்னொரு எச்சரிக்கை. இன்றைய வீட்டு ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். ஓசோனைக் கெடுக்காது, புவி வெப்பமாதலுக்கும் மிகச் சொற்பமே காரணம். ஆனால் தீப்பற்றும், காற்றைவிடக் கனமானதால் தரையோடு தேங்கும். கதவு ஜன்னலைத் திறக்காமல், குழாயில் மிச்சமிருக்கும் கேஸை வெளியேற்றாமல் யாரையும் வெல்டிங் சுடரை அதனருகே கொண்டுபோக விடாதீர்கள். எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது ஃப்ரிட்ஜில் ஒட்டிய தகட்டிலேயே அச்சிட்டிருக்கும். பணம் கொடுக்கும் முன் மெக்கானிக்கிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: ஓட்டை எங்கே இருந்தது, ஃபில்டர் மாற்றியாச்சா, எவ்வளவு நேரம் வேக்யூம் போட்டீங்க?