ஒரு முறை கூப்பிட்டால் இரண்டு முறை வரும்

பதிவிறக்கம் பாதியில் நின்றுபோன ஒரு பிஎன்ஜி படத்தைத் திறக்கிறீர்கள். படத்தைப் பிரிக்கும் நிரல் உள்ளே ஒரு ஃபங்க்ஷன் இன்னொன்றைக் கூப்பிட, அது வேறொன்றைக் கூப்பிட, ஏழெட்டுப் படி ஆழத்தில் இருக்கும்போதுதான் கோப்பு சரியில்லை என்று தெரிகிறது. சேதி வெளியே போயாக வேண்டும். ஒவ்வொரு படியிலும் பிழை எண்ணை வாங்கி, சோதித்து, மேலே கொடுத்து வரலாம். சி நிரல்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. லிப்பிஎன்ஜி நூலகம் இயல்பாகச் செய்வது வேறு: ஒரே தாவலில் வாசலுக்கு வந்துவிடும்.

தாவலுக்கு இரண்டு பேர் வேண்டும். செட்ஜம்ப் இடத்தைக் குறித்துவைக்கும். லாங்ஜம்ப் அங்கே கொண்டுபோய் விடும். கோட்டோவால் ஒரே ஃபங்க்ஷனுக்குள்தான் தாவ முடியும், இவை ஃபங்க்ஷன் தாண்டிப் போகும். விசித்திரம் என்னவென்றால், செட்ஜம்பை நாம் கூப்பிடுவது ஒரு முறை, அது திரும்பி வருவதோ இரண்டு முறை. முதல் முறை 0 கொண்டுவரும். தாவி வந்தால் வேறு எண் கொண்டுவரும். யாராவது லாங்ஜம்பிடம் 0 கொடுத்தனுப்பினாலும் வழியில் அது 1 ஆகிவிடும். இல்லாவிட்டால் முதல் வருகையா மறுவருகையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செயலியின் அப்போதைய நிலை முழுவதையும் படம்பிடித்து வைப்பார்களாக்கும் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். மஸ்ல் என்ற சிறிய சி நூலகத்தில், 64 பிட் இன்டெல் வகைச் செயலிக்கான செட்ஜம்பைத் திறந்து பார்த்தபோது பத்துப் பன்னிரண்டு வரிதான் இருந்தது. சேமிப்பது எட்டே மதிப்புகள், மொத்தம் 64 பைட். ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரை ஆக ஆறு ரிஜிஸ்டர்கள். அத்துடன் ஸ்டாக்கின் உச்சி எங்கே என்பதும், திரும்பிப் போக வேண்டிய முகவரியும்.

பொதுவேலைக்கு 16 ரிஜிஸ்டர்கள் இருக்க, மற்றவை எங்கே போயின? லினக்ஸில் ஃபங்க்ஷன்களுக்குள் ஒரு கொடுக்கல் வாங்கல் ஒப்பந்தம் உண்டு. சில ரிஜிஸ்டர்கள் பொதுச்சொத்து. கூப்பிடப்பட்டவர் எப்படி வேண்டுமானாலும் அழிக்கலாம், தேவையென்றால் கூப்பிடுபவர்தான் முன்பே பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும். மற்றவை இரவல், எடுத்தால் எடுத்தபடியே திருப்பி வைக்க வேண்டும். செட்ஜம்பும் ஒரு ஃபங்க்ஷன்போலவே கூப்பிடப்படுவதால், பொதுச்சொத்தெல்லாம் போனதாகக் கம்பைலர் ஏற்கெனவே கணக்கெழுதிவிட்டது. இரவலை மட்டும் குறித்தால் போதும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. குறித்துவைக்கும் உச்சி அந்த நொடியின் உச்சி இல்லை, 8 பைட் தள்ளி இருப்பது. தான் திரும்பிப் போன பிறகு ஸ்டாக் எப்படி இருக்குமோ அதை செட்ஜம்ப் முன்கூட்டியே எழுதிவைக்கிறது.

இதைவிடச் சிக்கனமாகவும் செய்திருக்கிறார்கள். 1975இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கெர்னலில், பிடிபி-11 கணினிக்காக சேவ்யூ என்ற சிறு ஃபங்க்ஷன் இருந்தது. ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாற அது சேமித்தவை இரண்டே ரிஜிஸ்டர்கள். அதை ஒட்டிய ஓரிடத்தில்தான், வாசிப்பவருக்கு இது புரிய வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில், நிரலாளர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் குறிப்பு இருக்கிறது. திரும்பிப் போகும் ஃபங்க்ஷன் தன்னைக் கூப்பிட்டவரிடம் போகாமல், முன்பு சேவ்யூவைக் கூப்பிட்டிருந்த ஃபங்க்ஷனை யார் கூப்பிட்டாரோ அவரிடம் போய் நிற்கும். குழம்பாதவர் யார்?

சேமிக்காததில்தான் ஆபத்து. ஸ்டாக்கில் உள்ள பொருட்களை செட்ஜம்ப் தொடுவதில்லை, உச்சி எங்கே என்று மட்டும் தெரியும். குறித்துவைத்த ஃபங்க்ஷன் அதற்குள் முடிந்துபோயிருந்தால், இடித்த வீட்டின் முகவரிக்குத் தாவுகிறீர்கள். வழியில் திறந்த கோப்புகளை மூட ஆளில்லை. மாலாக் கொடுத்த நினைவகம் அப்படியே கிடக்கும். அந்த 64 பைட்டை ஒருவன் மாற்றி எழுத முடிந்தால், நிரலைத் தன் இஷ்டப்பட்ட இடத்துக்கு இழுத்துப் போவான். அதனால் ஜிலிப்சி நூலகம் அதில் உள்ள முகவரிகளை ஓர் இரகசிய எண்ணோடு கலந்து, பிட்டுகளைச் சுழற்றியே வைக்கிறது.

எனக்கு வாய்த்தது அற்பமான ஒன்று. ஒரு கருவியோடு பேசும் நிரல். தோற்றால் தாவி வந்து மறுபடி முயல வேண்டும், மூன்று முறைக்குமேல் கூடாது. என் மேசையில் ஒழுங்காக ஓடியது. வேகக் கூட்டலோடு கம்பைல் செய்து அனுப்பியதும் ஓயாமல் முயன்றுகொண்டே இருந்தது. முன்பு அந்த எண்ணிக்கை ஸ்டாக்கில் இருந்தது, தாவலில் தப்பியது. வேகக் கூட்டலில் கம்பைலர் அதை ஆர்பிஎக்ஸில் வைத்துவிட்டது. லாங்ஜம்ப் தன் கடமைப்படி பழைய ஆர்பிஎக்ஸை மீட்க, எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் 0 ஆயிற்று. அப்படி இடையில் மாறும் உள்மாறிக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்று சி தர நூல் வெளிப்படையாகவே சொல்கிறது. நான் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

மாறிக்கு முன்னால் வோலட்டைல் என்று ஒரே சொல் சேர்த்தேன், சரியானது. ஏன் சேர்த்தேன் என்று பக்கத்தில் குறிப்பு எழுதவில்லை. சில மாதம் கழித்து, வேண்டாத சொல் என்று குழுவில் ஒருவர் அழித்துவிட்டார்.