மருட்கையும் பெருமிதமும்: அதிமானுட வீரர் திரைப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

வீரரைப் பற்றிய கதைகளை வழங்காத மக்கட் கூட்டம் உலகில் இல்லை எனலாம். அக்கதைகள் ஒரு காலத்திற் பாணராற் பாடப்பட்டன, பின்னர் ஏட்டில் எழுதப்பட்டன, கூத்தரங்கில் ஆடப்பட்டன. நம் காலத்தில் அவை பெரிதும் வெண்டிரையிலே காட்டப்படுகின்றன. அவ்வாறு காட்டப்படுவனவற்றுள், ஆங்கிலத்திலே ‘சுப்பர்ஹீரோ’ என வழங்கும் அதிமானுட வீரரைப் பற்றிய அமெரிக்கத் திரைப்படங்கள் பெற்ற செல்வாக்குப் பெரிது. 2019 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ என்னும் ஒரு படம் மாத்திரம் உலகெங்கும் ஏறக்குறைய 280 கோடி அமெரிக்க டொலரை ஈட்டியது. இத்துணை மக்கள் கண்டுகளிக்கும் ஒரு கலைவடிவம் வெறும் பொழுதுபோக்காய் அமைந்தாற் போதுமா, அன்றி அதனினும் மேலான பயன் ஒன்றை அதனிடம் எதிர்பார்த்தல் தகுமா என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் வினாவாகும்.

இவ்வினாவிற்கு விடை கூறுவோர் இரு திறத்தர். அமெரிக்கத் திரைப்பட இயக்குநருள் மூத்தவரான மார்ட்டின் ஸ்கோசேசி 2019 ஆம் ஆண்டிலே இப்படங்களைக் கேளிக்கைப் பூங்காவிற்கு ஒப்பிட்டார். மாந்தரின் உள்ளத்து அனுபவத்தைப் பிற மாந்தருக்கு உணர்த்தும் திரைக்கலையாக அவற்றைத் தம்மாற் கருத இயலவில்லை என்றார். அக்கூற்றுப் பெரும் விவாதத்தை எழுப்பிற்று. மற்றைத் திறத்தாரோ, பகலெல்லாம் உழைத்துக் களைத்தவன் இரண்டு மணி நேரம் கவலை மறந்து மகிழ்தல் குற்றமாகுமா எனக் கேட்பர். களிப்பும் வாழ்க்கைக்கு வேண்டுவதொன்றே; கலை முழுவதையும் பாடசாலை ஆக்கிவிடின் அதனை நாடுவார் யார் என்பது அவர் வாதம். இவ்விரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், இரு திறத்தாரும் இன்பத்தையும் பயனையும் ஒன்றற்கொன்று பகையாக நிறுத்திவிடுகின்றனர். அப்பகை உண்மையானதா என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

இதனை அளந்தறிவதற்குத் தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் நமக்கு நல்லதோர் அளவுகோலைத் தருகின்றது. ஆண்டுக் கூறப்பட்ட எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கை என்பது ஒன்று. பெருமிதம் என்பது மற்றொன்று. மருட்கையாவது வியப்பு. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினிடமாகப் பிறக்கும் என்பர். இந்நான்கையும் அதிமானுட வீரர் திரைப்படங்களோடு பொருத்திப் பார்ப்பின் பொருத்தம் நமக்கே வியப்பூட்டும். மனிதன் ஒருவன் வானிலே பறத்தல் புதுமை. ஒரு நகரம் முழுவதும் நிலத்தினின்று பெயர்ந்து மேலெழுதல் பெருமை. ‘ஆண்ட்மான்’ எறும்பளவிற்குக் குறுகுதல் சிறுமை. மெலிந்த அறிஞன் ஒருவன் சினங்கொண்ட அளவிலே ‘ஹல்க்’ என்னும் பேருருவாய் மாறுதல் ஆக்கம். ஆகவே, மருட்கையை விளைவிக்கும் வாயில் நான்கினையும் இப்படங்கள் திறந்து வைத்துள்ளன என்பதில் ஐயமில்லை.

இனி, வீரத்தின் பாற்படும் பெருமிதம் எவற்றினின்று பிறக்கும் எனின், கல்வியும், அஞ்சாமையாகிய தறுகண்மையும், பழிக்கு நாணும் புகழும், கொடையும் ஆகிய நான்கினின்றும் பிறக்கும் என்ப. இந்நான்கனுள் உடல் வலிமை இடம்பெறாமை ஊன்றி நோக்கற்பாலது. மலையைப் பெயர்ப்பவன் நம்மை வியக்கச் செய்வான். ஆனால் அவ்வலிமை காரணமாக மாத்திரம் அவன் வீரனாகான். வலிமையை எதன்பொருட்டு எவ்வாறு செலவிடுகின்றான் என்பதே அவனை வீரனாக்குவது. மருட்கையோடு நின்றுவிடும் படம் கேளிக்கைப் பூங்காவே. மருட்கையினின்று பெருமிதத்திற்கு ஏறும் படம் கலை. இதுவே நாம் கொள்ளத்தக்க அளவுகோல்.

இவ்வளவுகோலை நாம் வெளியிலிருந்து கொணர்ந்து இக்கதைகள்மேல் வலிந்து சுமத்துகின்றோம் எனச் சிலர் கூறக்கூடும். அவற்றின் வரலாற்றை அறிவார் அங்ஙனம் கூறார். அதிமானுட வீரருள் முதன்மையான சுப்பர்மான் 1938 ஆம் ஆண்டு யூன் மாதத் திகதியிட்ட ஒரு சித்திரக்கதைச் சஞ்சிகையிலே தோன்றினான். அவனைப் படைத்தவர்கள் ஜெரி சீகெல், ஜோ ஷஸ்டர் என்னும் இளைஞர் இருவர். அமெரிக்காவிற் குடியேறிய யூதக் குடும்பங்களிற் பிறந்தவர்கள். கிளீவ்லாந்து நகரிற் பொருளாதார நெருக்கடிக் காலத்திலே வளர்ந்தவர்கள். அம்முதற் கதையில் அவன் எதிர்த்தது வேற்றுலக அரக்கரையன்று. குற்றமற்ற பெண்ணொருத்தியை மரணதண்டனையினின்றும் மீட்டான். மனைவியை அடிக்கும் கணவனை அடக்கினான். கையூட்டு வலையிற்பட்ட அரசியல்வாதி ஒருவனைத் தொடர்ந்தான். அடுத்த இதழிலே, போர்க்கருவி விற்றுப் பொருள் சேர்த்த வணிகனைப் போர்க்களத்திற்கே இட்டுச்சென்று, தான் விற்ற கருவிகளின் பயனைத் தானே காணச் செய்தான். எளியோர் இருவர் நீதிக்கு ஏங்கிக் கண்ட கனவே சுப்பர்மான் என்று கூறுதல் மிகையாகாது. அவர்கள் தம் படைப்பின் உரிமையை 130 டொலருக்கு விற்றுவிட்டு, 1975 ஆம் ஆண்டுவரை உரிய மதிப்பும் உதவியுமின்றி இருந்தமை இவ்வரலாற்றின் துயரமான ஒரு பகுதியாகும்.

பின்னர்த் தோன்றிய கதைகளும் இவ்வழியினின்று முற்றும் விலகவில்லை. ‘கப்டன் அமெரிக்கா’ சஞ்சிகையின் முதலிதழ் 1941 மார்ச்சு மாதத் திகதியுடன் வெளிவந்தது. அதன் அட்டையில் வீரன் ஹிட்லரின் முகத்திற் குத்துகின்றான். அமெரிக்கா போரிற் புகுந்தது அவ்வாண்டு டிசம்பரிலேயே என்பதை நினைவு கூர்ந்தால், அவ்வட்டை எத்துணைத் துணிவுடையது என்பது புலனாகும். 1946 ஆம் ஆண்டிலே சுப்பர்மான் வானொலித் தொடரானது கு குளுக்ஸ் கிளான் என்னும் நிறவெறிக் கூட்டத்தை ஒத்த முகமூடிக் கும்பல் ஒன்றினிடமிருந்து ஒரு சீனக் குடும்பத்தை அவன் காப்பதாகக் கதை அமைத்தது. அதனைக் கேட்டவர்கள் சிறுவர்கள். அவர்கள் களிப்பையும் இழக்கவில்லை; அறத்தையும் இழக்கவில்லை.

1962 ஆம் ஆண்டில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த ஸ்பைடர்மான் இவ்வகைக் கதையின் உட்பொருளை மேலும் தெளிவாக்கினான். அவன் ஒரு வறிய மாணவன். எதிர்பாராது ஆற்றல் பெற்றபோது அதனைக் காட்டிப் பணம் தேடவே முயன்றான். தப்பியோடும் திருடன் ஒருவனைத் தடுக்க வல்லவனாயிருந்தும், ‘எனக்கென்ன’ என வாளாவிருந்தான். அத்திருடனே பின்னர் அவனை வளர்த்தவரைக் கொன்றான். ஆற்றல் உள்ளவனுக்குக் கடமை உண்டு என்பதையும், செய்யாது விட்டமையும் குற்றமாதல் கூடும் என்பதையும் இதனினும் சுருக்கமாய்ச் சிறுவருக்கு உணர்த்தல் அரிது. ஆகவே, ‘ஆற்றல் எதன்பொருட்டு?’ என்னும் வினா இக்கதைகளுக்கு அணிகலனன்று. அதுவே அவற்றின் உயிர். அதனை நீக்கிய படத்தை இலேசான படம் என்பதிலும் முற்றுப்பெறாத படம் என்பதே பொருந்தும்.

எனினும், ‘மேலான பயன்’ என்றவுடன் அறவுரையையும் கட்டுப்பாட்டையும் கருதுவார் உளர். அக்கருத்தின் தீங்கையும் இவ்வரலாறே காட்டுகின்றது. 1954 ஆம் ஆண்டிலே பிரெட்ரிக் வேர்த்தம் என்னும் உளநோய் மருத்துவர், சித்திரக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்று ஒரு நூல் எழுதினார். அமெரிக்கச் செனற் சபையின் உபகுழுவொன்று அதுபற்றி விசாரணை நடத்தியது. அஞ்சிய வெளியீட்டாளர்கள் தமக்குத் தாமே ஓர் ஒழுக்கக் கோவையை அவ்வாண்டில் வகுத்துக்கொண்டனர். நன்மை எப்பொழுதும் வெல்லவேண்டும். அதிகாரிகளை மதிப்புக் குறையும்படி காட்டலாகாது என்பன போன்ற விதிகள் அதிற் காணப்பட்டன. விளைந்தது அறமன்று, உயிரற்ற கதைகளே பெருகின. 1971 ஆம் ஆண்டிலே போதைப்பொருளின் தீமையைக் காட்டும் கதை ஒன்றை எழுதுமாறு அரசாங்கத் திணைக்களம் ஒன்றே கேட்க, ஸ்டான் லீ அதனை ஸ்பைடர்மான் சஞ்சிகையில் எழுதினார். போதைப்பொருளைக் குறித்தல் விதிக்கு மாறு என்று அக்கோவையினர் முத்திரை மறுத்தனர். தீமையைத் தீமை என்று காட்டுதற்கும் இடங்கொடாத விதி யாருக்குப் பயன்படும்? முத்திரையின்றியே அவ்விதழ்கள் வெளிவந்தன. விதியும் அவ்வாண்டிலே தளர்த்தப்பட்டது. வேர்த்தம் தம் சான்றுகளைத் திரித்துக் காட்டினார் என்பதைப் பின்வந்த ஆய்வாளர் அவருடைய குறிப்புக்களைக்கொண்டே 2012 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். ஆதலின், கலைக்கு அறத்தை வெளியிலிருந்து ஆணையிட்டுப் புகுத்தலாகாது. கதை தன் வினாவைத் தானே நேர்மையாகத் தொடர்தல் வேண்டும்.

அங்ஙனம் தொடர்ந்த படங்கள் சில உள. கிறிஸ்தோபர் நோலன் இயக்கி 2008 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘த டார்க் நைட்’ அவற்றுள் ஒன்று. அதிலே ஜோக்கர் என்னும் கொடியவன் இரண்டு கப்பல்களில் வெடிமருந்தை வைக்கின்றான். ஒன்றில் நகரத்துக் குடிமக்கள்; மற்றையதிற் சிறைக் கைதிகள். ஒவ்வொரு கப்பலாரிடமும் மற்றைக் கப்பலை அழிக்கும் விசை கொடுக்கப்படுகின்றது. குறித்த நேரத்தினுள் ஒருவரும் அழிக்காவிடின் இரண்டும் அழியும் என்பது அவன் கூற்று. குடிமக்கள் வாக்கெடுத்து அழிக்கவே தீர்மானிக்கின்றனர். எனினும் விசையை அழுத்தும் மனம் எவர்க்கும் வரவில்லை. மற்றைக் கப்பலிலே அச்சந்தரும் தோற்றமுடைய கைதி ஒருவன் விசையை வாங்கிச் சாளரத்தினூடே நீரில் எறிந்துவிடுகின்றான். அக்கப்பல்களில் நிகழ்ந்த முடிவில் அதிமானுட வீரனுக்குப் பங்கில்லை. தறுகண்மை யாருமறியாக் கைதியினிடத்தே தோன்றுகின்றது. அதே படத்தில் பட்மான், கொடியவனைக் கண்டுபிடிக்க நகரத்தார் அனைவருடைய தொலைபேசிகளையும் ஒற்றறியும் பொறி ஒன்றை அமைக்கின்றான். அவனுக்குத் துணையாயிருந்த பெரியவர், இத்துணை ஆற்றல் ஒருவன் கையில் இருத்தல் தகாது என்று கண்டித்து, அப்பொறி உள்ளவரை தாம் பணியில் இரார் என்கின்றார். முடிவில் அது அழிக்கப்படுகின்றது. பொறிகள் மாந்தரின் மறைவையெல்லாம் அறியும் இக்காலத்தில் இவ்வினா கற்பனையுலகத்ததன்று.

மற்றொன்று, ரயன் கூக்ளர் இயக்கிய ‘பிளாக் பந்தர்’. 2018 இல் வெளிவந்த இப்படமே, அதிமானுட வீரர் படங்களுள் ஒஸ்கார் சிறந்த படப் பரிசிற்கு முதன்முதல் முன்மொழியப்பட்டது. மூன்று ஒஸ்கார் பரிசுகளையும் பெற்றது. வக்காண்டா என்னும் கற்பனை ஆபிரிக்க நாடு அருங்கனிமம் ஒன்றினாற் செல்வமும் விஞ்ஞானமும் நிறைந்தது. ஆயின் அச்செல்வத்தை உலகிற்கு ஒளித்து வாழ்கின்றது. அந்நாட்டவராற் கைவிடப்பட்டு அமெரிக்காவில் வளர்ந்த கில்மொங்கர், தம் இனத்தார் உலகெங்கும் துன்புற்ற காலத்தில் நீவிர் எங்கிருந்தீர் என வினவுகின்றான். அவன் கொண்ட வழி கொடியது. கேட்ட கேள்வியோ மறுக்கவொண்ணாதது. மன்னன் டிசல்லா அவனைப் போரில் வெல்கின்றான். ஆனால் அவன் கேள்வியின்முன் தோற்கின்றான். தன் தந்தையும் முன்னோரும் பிழை செய்தனர் என்று அவர்தம் ஆவிகளின் முன்னிலையிலேயே துணிந்து கூறுகின்றான். முடிவில் நாட்டின் வளத்தை உலகிற்குத் திறந்துவிடுகின்றான். பெருமிதத்தின் பாற்பட்ட கொடை என்பது ஈண்டுப் பொருளைக் கொடுத்தல் மாத்திரமன்று. பகைவனிடத்தும் உண்மையைக் கண்டு ஏற்றலுமாம்.

வினாவை எழுப்பிவிட்டு நழுவவிட்ட படங்களும் பல. 2016 இல் வந்த ‘கப்டன் அமெரிக்கா: சிவில் வோர்’ என்னும் படத்திலே, வீரர்தம் போரில் மகனை இழந்த தாயொருத்தி அவர்களுள் ஒருவனை நேர்நின்று குற்றஞ்சாட்டுகின்றாள். ஆற்றலுடையோர் யாருக்குப் பொறுப்புடையர் என்னும் அரிய வினா பிறக்கின்றது. ஆயினும் படம் செல்லச் செல்ல அது இரு நண்பரின் தனிப்பகையாய்ச் சுருங்கிவிடுகின்றது. தாயை நாம் மறந்துவிடுகின்றோம். வேறு சிலவற்றில் நகரங்கள் இடிகின்றன, இறந்தோர் எண்ணப்படுவதில்லை. ஒரு படத்தில் மாண்ட வீரன் அடுத்த படத்தில் மீள்கின்றான். மரணத்திற்கே பொருளில்லையெனின், தியாகத்திற்குப் பொருள் ஏது? முடிவு என்பது அடுத்த படத்திற்கு விளம்பரமாய் அமையுமிடத்து, வினாவிற்கு விடைகாணக் கதைக்கு நேரமுமில்லை.

இங்கே ஓர் ஐயம் நிகழலாம். ஆழமுள்ள படம் எல்லாம் இருண்டதாய், நகைச்சுவையற்றதாய் இருத்தல் வேண்டுமா என்பதே அது. வேண்டுவதில்லை. இருளையே ஆழமென மயங்கிய படங்களும் உள. 2004 ஆம் ஆண்டில் சாம் ரெய்மி இயக்கிய ‘ஸ்பைடர்மான் 2’ நகையும் உவகையும் நிறைந்த படம். அதிலே தறிகெட்டோடும் புகைவண்டி ஒன்றை வீரன் தன் உடலாலே தடுத்து நிறுத்தி நினைவிழந்து வீழ்கின்றான். பயணிகள் அவனைத் தலைக்கு மேலே ஏந்தி உள்ளே கொண்டுசென்று கிடத்துகின்றனர். முகமூடியற்ற முகத்தைக் கண்டபோது, தங்களைக் காத்தவன் தம் பிள்ளைகளை ஒத்த ஓர் இளைஞனே என்று அறிந்து திகைக்கின்றனர். அவன் முகத்தை ஒருவருக்கும் வெளிப்படுத்தோம் என்று சிறுவர் இருவர் உறுதிகூறி முகமூடியை மீளக் கொடுக்கின்றனர். பகைவன் வந்து அவனைக் கேட்டபோது, யாதோர் ஆற்றலுமில்லாத அப்பயணிகள் ஒருவர்பின் ஒருவராய் இடைநின்று மறிக்கின்றனர். சிறுவர் முதல் முதியோர் ஈறாக யாவரும் களிக்கும் ஒரு படத்திலேயே இத்துணைப் பெருமிதம் அடங்குமெனின், இன்பமும் பயனும் பகையென்பது பொய்யாகின்றதன்றோ?

இதுகாறும் கூறியவாற்றால், அதிமானுட வீரர் திரைப்படங்கள் பொழுதுபோக்கைக் கைவிடல் வேண்டா என்பதும், அறவுரை நிகழ்த்தலும் வேண்டா என்பதும், தம் பிறப்போடு வந்த வினாவிற்கு உண்மையாய் இருத்தலே அவற்றின் கடன் என்பதும் பெறப்படும். இக்கடன் சிறிதன்று. பிற்காலத்தில் ஏதேனும் ஓர் அதிகாரம் கையில் எய்தும்போது அதனை எவ்வாறு ஆளவேண்டும் என்னும் எண்ணம் இளமையிற் கேட்ட கதைகளிலேயே வித்தூன்றுகின்றது. பறக்கும் ஆற்றல் நம்முள் எவர்க்கும் வாய்க்கப் போவதில்லை. ஆனால் ஆசிரியராய், மருத்துவராய், அதிகாரியாய், தந்தையாய், தாயாய்ப் பிறர்மேற் சிறிதேனும் ஆற்றல் வாய்க்கப்பெறாதார் நம்முள் ஒருவருமிலர். அவ்வேளையில், நகரத்தை இடித்துத் தள்ளிய கைகளின் காட்சி நமக்கு உதவாது. கையிற் கிடைத்த விசையைச் சாளரத்தினூடே நீரில் எறிந்த அக்கைதியின் காட்சியே உதவும்.