மூக்கின் மேல் ஒரு மாஸ்க்: இதெல்லாம் தெரியுமா?

தூக்கத்தில் மூச்சு நின்று போகும் ஸ்லீப் ஆப்னியா நோய்க்காக இன்று உலகமெங்கும் மாட்டிக்கொள்ளும் சிபேப் கருவி, பிறந்தபோது வெறும் வேக்குவம் கிளீனர் மோட்டார் என்பது தெரியுமா? நிஜம்! உறிஞ்சுகிற மோட்டாரைத் திருப்பிப் பிடித்து ஊத வைத்தார் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன். ஆண்டு 1980, மாதம் ஜூன், ஊர் சிட்னி. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைப்பதுதான் கடுமையான ஸ்லீப் ஆப்னியாவுக்கு அன்று இருந்த பெரிய வைத்தியம். அதற்கு ஒப்புக்கொள்ளாத ஒரு நோயாளி, மூக்கு வழியாகக் காற்றை ஊதிப் பார்க்கும் சோதனைக்கு மட்டும் சரி என்றார். அழுத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டினார்கள். ஒரு கட்டத்தில் அடைப்பு சட்டென்று விலகியது, மனிதர் ஆழ்ந்து தூங்கிவிட்டார்! அடுத்த ஆண்டே ஐந்து நோயாளிகளின் அனுபவம் ‘லான்செட்’ இதழில் கட்டுரையாக வந்தது.

சரி, மோட்டார் கிடைத்துவிட்டது. மாஸ்க்? கடையில் ஏது! ஒவ்வொருவர் மூக்கையும் பிளாஸ்டரில் அச்செடுத்து, அதன் மேல் ஃபைபர்கிளாஸில் மாஸ்க் வார்த்து, ராத்திரி படுக்கும் முன் சிலிக்கோன் பசை தடவி முகத்தில் ஒட்டினார்கள். காலையில் உரித்து எடுக்க வேண்டும். தினமும்! இன்றைக்கு ஒரே ஒரு மாஸ்க்கை மாட்டிப் பார்த்துவிட்டு, ‘நமக்குச் சரிப்படாது’ என்று மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறவர்கள் அந்தப் பசைக்காரர்களை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

மனிதர்களுக்கு முன்னால் இந்த மாதிரி மாஸ்க் போட்டுத் தூங்கியவை நாய்கள் என்றால் நம்புவீர்களா? சல்லிவன் அதற்கு முன் கனடாவின் டொரன்டோவில், தூங்கும் நாய்களின் சுவாசத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். இன்னொரு நாய்ச் செய்தி: மூக்கு சப்பையான இங்கிலிஷ் புல்டாக் இனத்துக்கு ஸ்லீப் ஆப்னியா இயற்கையாகவே வரும். 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதைப் பதிவு செய்தார்கள். சோபாவில் புல்டாக் விடும் குறட்டையைக் கேட்டுச் சிரித்தவர்கள் இனி யோசித்துச் சிரிக்கவும்.

மனிதர்களில் எத்தனை பேருக்கு இந்த ஆப்னியாத் தொல்லை? 2019இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, 30 முதல் 69 வயதுக்குள் உலகில் 93.6 கோடிப் பேர்! அதில் 42.5 கோடிப் பேருக்கு நடுத்தர அளவிலோ கடுமையாகவோ இருக்கிறது. மூச்சு 10 விநாடி அல்லது அதற்கு மேல் நின்றால்தான் அது ஒரு ஆப்னியா என்று கணக்கு. மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் சேர்த்து மணிக்கு 30 முறைக்கு மேல் போனால் கடுமையானது. அதாவது சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, விடிய விடிய!

சிபேப் வாங்கப் போனால், மெஷின் என்ன பிராண்ட் என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். மாஸ்க்கையோ, பெட்டியோடு வந்தது என்பதற்காக மாட்டிக்கொள்கிறோம். என்னைக் கேட்டால் இது தலைகீழ். மெஷின் மேசையில் இருக்கும், முகத்தில் இருக்கப்போவது மாஸ்க்தானே!

அடைபட்ட தொண்டையைத் திறந்து வைக்கும் காற்றழுத்தம் எவ்வளவு தெரியுமா? ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு ஊதுங்கள். குமிழி வர என்ன அழுத்தம் வேண்டுமோ, அதுதான் 10 சென்டிமீட்டர் நீர் அழுத்தம். சிபேப் கருவிகள் பெரும்பாலும் 4 முதல் 20 வரை இதே அளவுகோலில்தான் ஓடுகின்றன. உங்களுக்கு எத்தனை என்பதை ஸ்லீப் ஸ்டடி பார்த்து டாக்டர் சொல்வார். வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குதான் இந்தப் 10! குறைமாதக் குழந்தைகளுக்கான வார்டில் இன்றும் காற்றுக்குழாயின் நுனியைத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, எத்தனை சென்டிமீட்டர் ஆழமோ அத்தனை அழுத்தம் என்று குழந்தையின் மூக்குக்குக் கொடுக்கிறார்கள். பக்கத்தில் நின்றால் குமிழிச் சத்தம் கேட்கும்.

இவ்வளவு மெல்லிய அழுத்தத்தை அடைத்து வைக்க மாஸ்க்கை இறுக்கிக் கட்ட வேண்டும் என்று நினைப்பதுதான் இயல்பு. தப்பு! நவீன மூக்கு மாஸ்க்கின் குஷனைத் தொட்டுப் பாருங்கள். விளிம்பில் சருகு போல ஒரு மெல்லிய சிலிக்கோன் சவ்வு இருக்கும். பல மாடல்களில் அதற்குள்ளே இன்னொரு தடித்த சுவரும் இருக்கும். காற்று வந்ததும் அந்தச் சவ்வு உப்பி, உங்கள் கன்னத்து மேடு பள்ளத்துக்கு ஏற்பத் தானே படிந்துகொள்கிறது. முகத்தோடு மாஸ்க்கை அடைப்பது காற்றுதான், பட்டை அல்ல! பட்டையை முறுக்கினால் சவ்வு மடங்கிச் சுருங்கும், மடிப்பு வழியே காற்று கசியும், கசிகிறதே என்று இன்னும் முறுக்குவோம், காலையில் மூக்குத் தண்டில் சிவப்புத் தழும்பு. பலர் மாஸ்க்கையே வெறுப்பது இந்த வட்டத்தில் மாட்டித்தான். கசிந்தால் செய்ய வேண்டிய முதல் காரியம் என்ன தெரியுமா? மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாஸ்க்கை முகத்திலிருந்து நேராக முன்னால் இழுத்து, சவ்வு உப்பியதும் மெதுவாகத் திரும்ப வைப்பது. பல நேரம் கசிவு அப்போதே நின்றுவிடும். பட்டையைத் தொடுவது அதற்கு அப்புறம்தான்.

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து வாங்கிய மாஸ்க் ராத்திரியில் ஏன் பொருந்துவதில்லை? படுத்தால் முகம் மாறிவிடுகிறது! கன்னச் சதை காதுப் பக்கம் சரிகிறது, தாடை தளர்கிறது. அதனால் படுத்து, உங்களுக்குச் சொன்ன அழுத்தத்தில் மெஷினை ஓடவிட்டு, இடப்பக்கமும் வலப்பக்கமும் புரண்டு பார்த்துத்தான் மாஸ்க்கை முடிவு செய்ய வேண்டும். பல்செட்டைக் கழற்றிவிட்டுத் தூங்குகிறவரா? கழற்றிவிட்டே பாருங்கள். பல்செட் இல்லாமல் மேலுதடு உள்வாங்கும், குஷனின் கீழ் விளிம்பு உட்கார வேண்டிய இடமே அதுதான். விற்பவரிடம் அளவுச் சட்டம் இருக்கும், அட்டையிலோ பிளாஸ்டிக்கிலோ. மூக்கின் அகலத்தை அதில் வைத்துப் பார்த்தால் ஸ்மாலா, மீடியமா, லார்ஜா என்று தெரிந்துவிடும். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனிக்கு மீடியம் இல்லை என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம், ஜாக்கெட் அளவு மாதிரிதான்.

மீசைக்காரர்களே, உங்களுக்கு ஒரு செய்தி! குஷனுக்கும் மேலுதட்டுக்கும் நடுவே அடர்ந்த மீசை இருந்தால் காற்று அந்தக் காட்டு வழியாக நைசாக வெளியேறும். மழிக்கச் சொல்லி வீட்டில் நெருக்குவார்கள். அவசரப்பட வேண்டாம்: மூக்குத் துவார விளிம்பிலேயே உட்காரும் நேசல் பில்லோ என்ற குட்டி மாஸ்க் இருக்கிறது. மீசையோடு அதற்குச் சண்டை குறைவு. மூக்கின் மேல் ஏறாமல் அடியில் மட்டும் ஏந்திக்கொள்ளும் தொட்டில் வகையும் உண்டு. படுக்கையில் கண்ணாடி போட்டுப் படிக்கிறவர்களுக்கு இந்த இரண்டும் வரம், ஏனென்றால் மூக்குத் தண்டு காலியாக இருக்கும். அழுத்தம் அதிகமாகத் தேவைப்படுகிறவர்களுக்குப் பில்லோவின் காற்று துவாரத்தில் குத்துவது போல இருக்கலாம். அவர்களுக்கு மூக்கை முழுதும் மூடும் பழைய முக்கோண மாஸ்க்தான் சுகம். புரண்டு புரண்டு படுப்பவரா? ட்யூப் உச்சந்தலையில் இணையும் மாடலைக் கேளுங்கள். அதில் முகத்தின் இருபுறமும் ஓடும் சட்டமே காற்றுக்குழாய்!

‘நான் வாயால் மூச்சு விடுகிறவன், எனக்கு முழு முக மாஸ்க்தான்’ என்று சொல்பவர்கள் இதைக் கேளுங்கள். மூக்கு வழியே அழுத்தம் உள்ளே போகும்போது பின்னண்ணம் முன்னுக்குத் தள்ளப்பட்டு நாக்கின் மேல் படிந்து, வாய்ப்பக்கக் கதவைத் தானே சாத்திக்கொள்கிறது! அதனால்தான் மூக்கில் மட்டும் ஊதியும் காற்று பெரும்பாலும் வாய் வழியே தப்புவதில்லை. முழு முக மாஸ்க்கில் வாய்க்கும் அதே அழுத்தம் போவதால் இந்தக் கதவு திறந்துகொள்ளலாம். போதாததற்கு அதன் பட்டை தாடையைப் பின்னுக்கு இழுக்கும். அந்த வகைக்கு அழுத்தம் கூடுதலாகத் தேவைப்படுவதையும், பலர் பாதியில் கைவிடுவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரும்பாலும் முதலில் மூக்கு மாஸ்க்கைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். மூக்கு நிரந்தரமாக அடைத்திருப்பவர்கள் கதை வேறு. காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்துவிட்டு மாஸ்க் கடைக்குப் போகலாம்.

நம் இரண்டு மூக்குத் துவாரங்களும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை என்பது தெரியுமா? சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒன்று லேசாக வீங்கி அடைத்துக்கொள்ள, மற்றது திறந்துகொள்ளும். ஜெர்மன் மருத்துவர் கைசர் 1895இல் இதை எழுதினார். நம் சித்தர்கள் சூரியகலை, சந்திரகலை என்று பெயர் வைத்துச் சரம் பார்த்தது எப்போதோ! ஆகவே நடு ராத்திரி ஒரு பக்கம் அடைத்தால் மாஸ்க்கைத் திட்ட வேண்டாம். இரண்டு பக்கமும் காய்ந்து எரிந்தால்தான் கவனிக்க வேண்டும். அது பெரும்பாலும் வாய் திறந்து காற்று ஓடுவதால் வரும் வறட்சி, சூடான ஈரக்காற்று தரும் ஹ்யூமிடிஃபையர் அதற்கு மருந்து. ஏசி அறையில் அந்த ஈரம் ட்யூபுக்குள் குளிர்ந்து நீராகி முகத்தில் சொட்டும் என்பது வேறு கூத்து. ட்யூபைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டால் அடங்கும்.

ஹ்யூமிடிஃபையர் என்றதும் நினைவு வருகிறது. நியூசிலாந்தின் ஃபிஷர் அண்ட் பேக்கல் கம்பெனி 1934இல் தொடங்கியபோது இறக்குமதி செய்து விற்றது ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும்! அவர்கள் மருத்துவ ஹ்யூமிடிஃபையர் செய்ய இறங்கியபோது முதல் மாதிரியைப் பழம் பதப்படுத்தும் கண்ணாடி ஜாடியில்தான் செய்து பார்த்தார்கள். சிட்னியில் வேக்குவம் கிளீனர், ஆக்லாந்தில் ஜாம் ஜாடி. இந்த வைத்தியத்தின் பாதி வரலாறு வீட்டுச் சாமான்தான்!

மாஸ்க்கின் முன்னால் பொடிப்பொடியாக ஓட்டைகள் இருக்கிறதே, அது பழுது இல்லை. நீங்கள் வெளியே விடும் கரியமில வாயு போக வேறு வழியே கிடையாது, ட்யூபில் காற்று எந்நேரமும் உங்களை நோக்கித்தான் வருகிறது. சத்தம் வருகிறதே என்று டேப் ஒட்டி அடைக்கவே கூடாது! அந்த ஓட்டைக் காற்று பக்கத்தில் படுத்திருப்பவர் மேல் ஊதுகிறதா? காற்றைச் சிதறவிடும் வலை போட்ட மாடல்கள் வந்துவிட்டன. குறட்டையை இத்தனை வருடம் பொறுத்தவருக்கு இந்த மரியாதையாவது செய்ய வேண்டாமா!

கரன்ட் போனால்? முழு முக மாஸ்க்கில், மெஷின் நின்றதும் வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வு ஒன்று வைத்திருக்கிறார்கள். மூக்கு மாஸ்க்குகளில் பொதுவாக அது கிடையாது. வாய் திறந்துதானே இருக்கிறது!

இது முக்கியம்: சில மாஸ்க்குகளின் பட்டைக் கொக்கியில் காந்தம் இருக்கிறது. இருட்டில் ‘டக்’கென்று ஒட்டிக்கொள்ள வசதிதான். ஆனால் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர், மூளையில் கிளிப் போட்டவர் போன்றவர்களுக்கு அது ஆபத்து. மாஸ்க் கம்பெனிகளான பிலிப்ஸ் 2022இலும் ரெஸ்மெட் 2023இலும் இதற்காகவே எச்சரிக்கை விட்டன. அதே படுக்கையில் தூங்குபவருக்கு பேஸ்மேக்கர் இருந்தாலும் இது பொருந்தும்! காந்தமில்லாத கொக்கி கேட்டு வாங்குங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம். வளரும் முகத்தில் வருடக்கணக்கில் மாஸ்க் அழுத்தினால் நடு முக எலும்பு சரியாக வளராமல் தட்டையாகிவிடக்கூடும். அதனால் டாக்டர்கள் அவ்வப்போது முகத்தை அளந்து பார்த்து, அழுத்தும் இடம் மாறும்படி மாஸ்க்கை மாற்றுவார்கள்.

கடலில் நீந்தும் மாஸ்க் சிபேப் மாஸ்க் ஆன கதை? 2020 மார்ச்சில் இத்தாலியின் பிரெஷா பகுதி கொரோனாவில் திணறியபோது, டெகாத்லான் கடைகள் விற்கும் முழு முக ஸ்நார்க்கல் மாஸ்க்கில் 3டி பிரின்டரில் செய்த இணைப்பை மாட்டி, மருத்துவமனையின் ஆக்சிஜன் குழாயோடு சேர்த்துவிட்டார்கள். அந்த இணைப்பை வடிவமைத்தது இசின்னோவா என்ற சின்ன நிறுவனம்.

மாஸ்க் பழகவே இல்லையா? ராத்திரி மாட்டிப் போராடுவதைவிட, சாயங்காலம் டிவி பார்க்கும்போது மெஷினோடு மாட்டிக்கொண்டு உட்காருங்கள். முகத்துக்குப் பழகிவிடும். காலையில் குஷனை மென்மையான சோப்பு நீரில் துடைப்பதை விட்டுவிடாதீர்கள்: முகத்து எண்ணெய் படிந்த சிலிக்கோன் வழுக்கும், கசியும், சீக்கிரம் கெட்டுப்போகும். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று முகத்தையும் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். காயவைப்பது நிழலில்.

மாஸ்க்கே வேண்டாம் என்பவர்களுக்காக ஆஸ்திரேலியா இன்னொன்றும் வைத்திருக்கிறது! அங்குள்ள பழங்குடியினரின் டிட்ஜெரிடூ என்ற நீண்ட மரக்குழலை நான்கு மாதம் பயிற்சி செய்தவர்களுக்கு ஆப்னியாவும் பகல் தூக்கமும் குறைந்ததாக, 2006இல் சுவிஸ் ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். 2017இல் அதற்கு, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் அமைதிப் பரிசும் கிடைத்தது! மூச்சை மூக்கால் இழுத்துக்கொண்டே வாயால் இடைவிடாமல் ஊதும் வித்தை அது. நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுபவர் செய்வதும் அதே வித்தைதான். பயிற்சியால் தொண்டைத் தசை உறுதியாகிறதாம். ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 25 பேர்தான், அதுவும் நடுத்தர அளவு ஆப்னியாக்காரர்கள். கடுமையாக இருப்பவர்கள் குழல் வாங்கிவிட்டேன் என்று மாஸ்க்கைக் கழற்ற முடியாது. தவிர, அமைதிப் பரிசைக் கொடுத்தவர்கள் அந்தக் குழலுக்குப் பக்கத்து அறையில் தூங்கிப் பார்த்திருப்பார்களா என்பது என் சந்தேகம்!